பழைய வானப் படங்களில் கடவுள் எங்கே இருக்கிறார்?

இந்தப் படத்தை நீங்கள் எங்காவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நீள அங்கி போட்ட ஒரு ஆள், கையில் தடி, தரையில் ஊர்ந்து ஊர்ந்து உலகத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டார். சூரியனும் நிலாவும் நட்சத்திரங்களும் ஒட்டிய வானம் கவிழ்த்துவைத்த பஞ்சாரம் மாதிரி தரையைத் தொடுகிறது, அவர் அதற்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். அங்கே மேகங்களும் சுடர்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்த சக்கரங்களும். பூமி தட்டை என்று சாதிக்கிற வீடியோக்களில் பாதிக்கு முகப்பு இதுதான். அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு அறியாமையில் இருந்தார்கள் பாருங்கள் என்று சிரிக்கிற வீடியோக்களுக்கும் இதுதான். நானும் பல வருஷம் அது 1500-களில் செதுக்கிய படம் என்று நம்பி கைப்பேசித் திரையில் வைத்திருந்தேன்.

அது 1888-இல் வந்த படம். கமீல் ஃப்ளமாரியோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் காற்றுமண்டலத்தைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதிய நூலின் அந்த ஆண்டுப் பதிப்பில்தான் அது அச்சாகியிருக்கிறது. வானமும் பூமியும் தொட்டுக்கொள்ளும் இடத்தைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக இடைக்காலத்து மதபோதகர் ஒருவர் சொன்ன கதைக்கு விளக்கப்படம். பழைய மரச்செதுக்குப் படம் போலத் தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே அந்தப் பாணியில் செய்தது. பாரிஸில் ஈஃபில் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. நிஜமாகவே பழைய படங்கள் வேறு மாதிரி இருக்கும். இனிமேல் நான் சொல்லப்போகிற எந்தப் படத்திலும் பூமி தட்டை இல்லை, உருண்டைதான்.

ஆனால் அந்த 1888 படத்தில் ஒரு விஷயம் சரியாக இருக்கிறது. அந்த ஆள் ஓரத்துக்குப் போய்ப் பார்க்கிறார் இல்லையா, பழைய வானப் படங்களை நாமும் அப்படித்தான் பார்க்கவேண்டும். நம் கண் நேராக நடுவுக்குத்தான் போகும். நடுவில் பூமி இருந்தால் மூடநம்பிக்கை, சூரியன் இருந்தால் அறிவியல் என்று தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். அந்தப் படங்களைச் செய்தவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்களும் அதைவிட அதிகமாகக் கவலைப்பட்டது ஓரத்தைப் பற்றி. கடைசி வளையத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்?

சரி, முதலில் அமைப்பு. பழைய கிரேக்க அறிஞர்கள் அரிஸ்டாட்டிலும் தாலமியும் விட்டுப்போன உலகம் ஒரு பெரிய வெங்காயம். நடுவில் மண் உருண்டை, அதைச் சுற்றி நீர், காற்று, நெருப்பு. அதற்கு மேல் ஏழு கோள்களுக்கு ஏழு கோளங்கள், ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஓடுகள் மாதிரி ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு: நிலா, புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. இந்த வரிசை எங்கேயோ பார்த்தது போல இருந்தால் ஆச்சரியமில்லை, வீட்டில் இருக்கிற பஞ்சாங்கத்தின் ஓரை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், அப்புறம் சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன். அதே வெங்காயம்தான், வெளித்தோலிலிருந்து உள்ளே வருகிறது. ஒரு நாளுக்கு 24 ஓரை, கோள்கள் ஏழு, மூன்று முழுச் சுற்று போக மூன்று மீதி. ஞாயிற்றுக்கிழமை சூரிய ஓரையில் தொடங்கினால் மறுநாளின் முதல் ஓரை மூன்று இடம் தள்ளிச் சந்திரனில் விழும். ஞாயிறுக்கு அடுத்து திங்கள் வருவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. 'ஓரை' என்கிற சொல்லே கிரேக்கத்து 'ஹோரா'தான். ஆக நாம் பார்க்கப்போகிற ஐரோப்பியப் படங்களின் எலும்புக்கூடு நமக்கு அன்னியமானது இல்லை, தினமும் நாள்காட்டியில் கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

வித்தியாசம் ஏழுக்கு மேலே. எட்டாவது, விண்மீன்கள் பதித்த கோளம். ஒன்பதாவது, பளிங்கு வானம். இது எதற்கு என்றால், ஆதியாகமத்தில் கடவுள் ஆகாயவிரிவுக்குக் கீழே இருக்கிற தண்ணீரையும் மேலே இருக்கிற தண்ணீரையும் பிரித்தார் என்று வருகிறது. கீழ்த்தண்ணீர் கடல், மேல்தண்ணீர் எங்கே? விண்மீன்களுக்கும் மேலே உறைந்த பளிங்காக இருக்கிறது என்று ஒரு கோளத்தை ஒதுக்கிவிட்டார்கள். பத்தாவது, எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு ஒரு தடவை சுழற்றுகிற கோளம். இதற்கு 'முதல் இயங்கி' என்று பெயர். அதையும் தாண்டினால் அசையாத ஒளி வானம், கடவுளும் புனிதர்களும் இருக்கிற இடம். வானியலும் வேதமும் ஒரே வட்டத்துக்குள் இப்படித்தான் உட்கார்ந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று கோடு கிழிக்க அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் கொஞ்சம் குழப்பும். கோயிலில் பிராகாரம் பிராகாரமாக உள்ளே போகப் போகத்தான் கடவுளை நெருங்குவோம், நட்டநடுவில் கருவறை. இந்தப் படங்களில் அப்படியே தலைகீழ். வெளியே போகப் போகப் புனிதம், உள்ளே வர வர அழுக்கு. நடு என்பது கௌரவமான இடம் இல்லை, கசண்டு போய்த் தங்குகிற அடிமட்டம். இத்தாலியக் கவிஞர் தாந்தே சாத்தானைக் கொண்டுபோய்ச் சொருகியது பூமியின் மையத்தில்தான். அதனால் 'மனிதன் தலைக்கனத்தில் தன்னை நடுவில் வைத்துக்கொண்டான், கோப்பர்நிக்கஸ் வந்து இறக்கிவிட்டார்' என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் படங்களுக்கு வாருங்கள்.

தொடங்க நல்ல இடம் 1493, ஜெர்மனியின் நியூரம்பர்க். ஹார்ட்மான் ஷெடெல் என்ற மருத்துவர் எழுதிய உலக வரலாறு, அன்டன் கோபர்கர் அச்சகம், படங்கள் மிகேல் வோல்கெமுட், வில்ஹெல்ம் ப்ளைடன்வுர்ஃப் பட்டறை. பின்னால் பெரிய ஓவியராகப் பெயரெடுத்த ட்யூரர் சில வருஷம் முன்னால் சின்னப் பையனாகத் தொழில் பழகிய பட்டறை அது. நூலில் 1,800-க்கு மேல் படங்கள், ஆனால் அச்சுக்குச் செதுக்கிய மரக்கட்டைகள் ஏறக்குறைய 650 மட்டுமே, அதாவது ஒரே ராஜாவின் முகம் வேறு வேறு பெயரில் பல பக்கங்களில் வரும். காசு மிச்சம் பிடிப்பது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை.

உலகம் படைக்கப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். முதலில் வெறும் வட்டங்கள், மூலையிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு ஆணையிடுகிறது. வட்டத்துக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்து ஏழாம் நாளில் முழுப் பக்கம் நிரம்புகிறது. நடுவில் பூமி, சுற்றி மேலே சொன்ன வெங்காயத் தோல்கள், மூலைக்கு ஒன்றாக நான்கு காற்றுகள் கன்னம் உப்பி ஊதுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, வட்டங்களுக்கு வெளியே, அரியணையில் கடவுள். அவரைச் சுற்றி ஒன்பது வகுப்பு வானதூதர்கள் கூட்டமாக நிற்கிறார்கள், ஒவ்வொரு வகுப்பின் பெயரும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. எனக்கு இந்தப் பக்கத்தில் பிடித்தது, முகங்களின் நெரிசல். கோள்களுக்கு வெறும் பெயரும் வளையமும்தான், ஓரத்தில் நிற்கிற தூதர்களுக்கு முகமும் சிறகும். செதுக்குகிறவரின் உழைப்பு எங்கே போயிருக்கிறது என்று பார்த்தாலே எதை முக்கியம் என்று நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். இதே நூலின் கடைசிப் பகுதியில் இறுதித் தீர்ப்புக்கு முன்னால் சில பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். உலகம் முடிகிற வரைக்கும் நடப்பதை வாங்கியவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று! சில பக்கம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

அடுத்தது பீட்டர் ஆபியன். இவர் கணிதக்காரர், 1524-இல் முதலில் அச்சான இவருடைய உலகவியல் பாடநூல் அந்த நூற்றாண்டு முழுக்கப் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. அதில் வருகிற வட்டப்படம் பாடநூல் படம் மாதிரியே இருக்கும், அலங்காரம் கிடையாது, ஒவ்வொரு வளையத்திலும் எண்ணும் பெயரும். வெளியே வந்துகொண்டே இருந்தால் பத்தாவது வளையத்துக்கு அப்புறம், விளிம்பைச் சுற்றி லத்தீனில் ஒரு வரி: ஒளி வானம், கடவுளும் தேர்ந்தெடுக்கப்பட்ட எல்லோரும் வசிக்கும் இடம். ஷெடெல் நூலில் கடவுளுக்கு முகம் இருந்தது, இங்கே முகவரி மட்டும் இருக்கிறது. சனிக்கு என்ன எழுத்து அளவோ ஏறக்குறைய அதே மாதிரி, வேறுபாடு இல்லாமல். ஒரு கணக்கு வாத்தியார் சொர்க்கத்தை வரைந்தால் இப்படித்தான் வரும்.

பிறகு 1543. கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார், அதுவும் அதே நியூரம்பர்க்கில்தான் அச்சானது. அவர் தேவாலய நிர்வாகத்தில் இருந்தவர், நூலைப் போப் மூன்றாம் பவுலுக்குத்தான் காணிக்கையாக்கினார். ரோம் அதைத் தடைப் பட்டியலில் 'திருத்தும் வரை' என்று போட்டது 73 வருஷம் கழித்து, 1616-இல். திருத்தங்கள் வந்த பிறகு இத்தாலியில் பலர் தங்கள் பிரதிகளில் அந்த வரிகளைப் பேனாவால் அடித்துவைத்திருக்கிறார்கள், அடித்த பிரதிகள் இன்றும் இருக்கின்றன.

நடுவில் நடந்த மாற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஓரத்தில் நடந்தது அதைவிடப் பெரிது. பூமிதான் தன்னைத்தானே சுற்றுகிறது என்றால் விண்மீன் கோளம் சுழலத் தேவையில்லை. சுழலத் தேவையில்லை என்றால் அதைச் சுழற்றுகிற பத்தாவது கோளத்துக்கு வேலை போய்விட்டது. அப்புறம் விண்மீன்கள் எல்லாம் ஒரே ஓட்டில் ஒட்டியிருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்?

இதைப் படமாகப் போட்டவர் இங்கிலாந்தின் தாமஸ் டிக்ஸ், 1576-இல். எதில் போட்டார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய அப்பா லியோனார்ட் டிக்ஸ் வானிலை, நாள், கோள் பார்க்கிற ஒரு பஞ்சாங்க நூல் எழுதியிருந்தார், நன்றாக விற்ற நூல். அதன் புதிய பதிப்பின் பின்னிணைப்பாக மகன் இந்தப் படத்தைச் சேர்த்தார். சூரியன் நடுவில், கோள்களின் வளையங்கள், கடைசி வளையத்துக்கு வெளியே விண்மீன்கள் காகிதத்தின் மூலைகள் வரை இறைந்துகிடக்கின்றன. வெங்காயத்தின் வெளித்தோல் உரிந்துவிட்டது. இதை எல்லையற்ற அண்டத்தின் முதல் படங்களில் ஒன்று என்று அறிவியல் வரலாற்று நூல்கள் கொண்டாடும், கொண்டாடவேண்டியதும்தான். ஆனால் அந்த விண்மீன்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் வளைத்து எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். விண்மீன்களின் இந்த வெளி மேலே முடிவில்லாமல் நீள்கிறது, அசையாதது, இதுவே இன்பத்தின் அரண்மனை, வானதூதர்களின் சபை, துயரமில்லாத இடம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வாசஸ்தலம் என்கிறது. ஆபியனின் அதே முகவரிதான். சுவரை இடித்துவிட்டார், குடியிருந்தவர்களைக் காலி செய்யவில்லை. முன்னால் விண்மீன்களுக்கு அப்பால் இருந்த சொர்க்கம் இப்போது விண்மீன்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. 'அறிவியல் வந்தது, மதம் போனது' என்கிற ஒற்றை வரி இந்த ஒரு படத்திடமே தோற்றுவிடும்.

1600-களுக்கு வரும்போது தொழில்நுட்பமும் மாறுகிறது. மரக்கட்டையில் மேடாக நிற்கிற கோட்டில் மை ஒட்டும், அதனால் கோடு தடிமனாக இருக்கும். செப்புத் தகட்டில் ஊசி முனையால் கீறிய பள்ளத்தில் மை தங்கும், அதை அழுத்தித்தான் காகிதத்தில் இறக்கவேண்டும், முடியளவு கோடுகூட விழும். மேகத்தின் சுருள், தேவதையின் இறகு, மடிப்புத் துணி எல்லாம் படங்களுக்குள் திடீரென்று பெருகுவதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, தாமிரமும்தான்.

அதில் உச்சத்துக்குப் போனவர் ராபர்ட் ஃப்ளட், ஆங்கிலேய மருத்துவர், நூல் அச்சானது 1617-இல் ஜெர்மனியின் ஓப்பன்ஹைமில். படைப்புக்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கு அவர் கொடுத்த படம் ஒரு கறுப்புச் சதுரம். அவ்வளவுதான். நான்கு பக்கமும் 'இப்படியே முடிவில்லாமல்' என்று லத்தீனில் எழுதியிருக்கும். இன்னொரு படத்தில் வெங்காய உலகத்தின் நடுவே இயற்கை ஒரு பெண்ணாக நிற்கிறாள், அவள் ஒரு கை மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கையோடு சங்கிலியால் கட்டியிருக்கிறது, மறு கையிலிருந்து போகிற சங்கிலி கீழே பூமி மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு குரங்கைப் பிடித்திருக்கிறது. குரங்கு யார் என்றால், இயற்கையைப் பார்த்து நடிக்கிற மனிதக் கலை. ஃப்ளட்டைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த தோல்வி ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். வடவானத்தில் ஏழு விண்மீன்கள் கரண்டி வடிவில் இருக்குமே, நாம் சப்தரிஷி என்கிறோம், கல்யாணத்தில் அருந்ததி காட்டுவது அங்கேதான். கிரேக்கர்களுக்கு அது பெரிய கரடியின் பின்பாதி. ஐரோப்பா கிறிஸ்தவமாகி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவர்கள் வானத்தில் ஸீயஸின் காதலிகளும் காளையும் அன்னமும்தான் இருந்தன. ஜெர்மனியின் ஔக்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர் யூலியஸ் ஷில்லருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அதே ஊரில் இன்னொரு வழக்கறிஞர் யோஹான் பேயர் 1603-இல் ஒரு அருமையான விண்மீன் வரைபட நூல் போட்டிருந்தார், விண்மீன்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று எழுத்து கொடுக்கிற வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். பேயரின் உதவியோடே ஷில்லர் மொத்த வானத்துக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். நூல் 1627-இல் வந்தது, 'கிறிஸ்தவ விண்மீன் வானம்' என்று பெயர்.

திட்டம் ரொம்ப ஒழுங்கு. வடக்கு வானம் புதிய ஏற்பாட்டுக்கு, தெற்கு வானம் பழைய ஏற்பாட்டுக்கு, நடுவில் 12 ராசிகளும் 12 சீடர்களுக்கு. மேஷம் பேதுரு, ரிஷபம் அந்திரேயா, சிம்மம் தோமா. யூதாஸ் துரோகி ஆகிவிட்டதால் அவன் இடத்துக்குத் தேர்வான மத்தியாவுக்கு மீனம். கன்னி ராசியாவது மரியாளுக்குப் போயிருக்கும் என்று நினைப்போம், ஆனால் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, கன்னி இளைய யாக்கோபு ஆகிவிட்டது. மரியாளுக்கு நிலாவையே கொடுத்துவிட்டார், சூரியன் கிறிஸ்து. கிரேக்கர்களின் ஆர்கோ கப்பல் நோவாவின் பேழை, பெர்சியஸ் பவுல், கஸியோபியா மகதலேனா மரியாள். நம் சப்தரிஷி? பேதுருவின் மீன்பிடிப் படகு.

கேலி செய்வது சுலபம். ஆனால் நூலைப் பிரித்தால் கேலி நின்றுவிடும். விண்மீன்களின் இடங்கள் பேயரைவிடத் திருந்தியவை, லூக்காஸ் கிலியனின் செதுக்கல் அசத்தல். பிறகு ஏன் ஓடவில்லை என்றால், வானியலாளர்களுக்குப் பெயர் என்பது பக்தி விஷயம் இல்லை, கடிதப் போக்குவரத்து விஷயம். ரோமில் இருப்பவர் 'ரிஷபத்தில் ஒரு வால்மீன்' என்று எழுதினால் பிராகாவில் இருப்பவருக்குப் புரியவேண்டும். தாலமி காலத்திலிருந்து சேர்ந்த பதிவுகள் எல்லாம் பழைய பெயரில் கிடக்கும்போது அந்திரேயாவை யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? கத்தோலிக்கக் குருமார்களான வானியலாளர்களே காளையையும் கரடியையும் விடவில்லை.

அப்படி ஒரு குருதான் ஜொவானி பத்திஸ்தா ரிச்சோலி, இத்தாலியின் பொலோனியாவில் இருந்த இயேசு சபைக்காரர். 1651-இல் அவர் போட்ட மாபெரும் வானியல் நூலின் முகப்புப் படம், முழு விவாதத்தையும் ஒரே தாளில் காட்டுகிற படம். பின்னணி தெரிந்தால்தான் ருசிக்கும். கலிலியோ 1610-இல் தொலைநோக்கியில் வெள்ளிக்கும் நிலா மாதிரி வளர்பிறை, தேய்பிறை இருப்பதைப் பார்த்துவிட்டார், வெள்ளி சூரியனைச் சுற்றினால்தான் அப்படித் தெரியும், அதோடு தாலமி கதை முடிந்தது. ஆனால் தாலமி தோற்றால் கோப்பர்நிக்கஸ் ஜெயித்ததாக ஆகாது, நடுவில் மூன்றாவது ஆள் இருந்தார்: டென்மார்க்கின் டைக்கோ பிராஹி. பூமி அசையாது, சூரியன் பூமியைச் சுற்றும், மற்ற கோள்கள் சூரியனைச் சுற்றும் என்கிற சமரசம் அவருடையது. கண்ணுக்குத் தெரிந்த வரை அது கணக்குக்கும் சரி, பைபிளில் யோசுவா சூரியனைப் பார்த்து 'நில்' என்று சொன்ன வசனத்துக்கும் சரி.

இப்போது படத்துக்கு வாருங்கள். மேலே மேகத்திலிருந்து கடவுளின் கை, விரல்களில் எண், அளவு, எடை என்று எழுதியிருக்கிறது; கடவுள் எல்லாவற்றையும் இந்த மூன்றினால் அமைத்தார் என்கிற வேத வாக்கியம். ஒரு பக்கம் ஆர்கஸ், உடம்பெல்லாம் கண் இருக்கிற கிரேக்கப் புராண ஆசாமி, நம் இந்திரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தொலைநோக்கியை முழங்காலில் இருக்கிற கண்ணுக்கு வைத்துச் சூரியனைப் பார்க்கிறார். மறு பக்கம் வானியல் தேவதை கையில் தராசு. ஒரு தட்டில் கோப்பர்நிக்கஸின் உலகம், இன்னொரு தட்டில் டைக்கோவுடையதை ரிச்சோலி கொஞ்சம் மாற்றிச் செய்த உலகம். ரிச்சோலியின் தட்டு கனமாகத் தாழ்ந்திருக்கிறது, அவர் நூலில் பின்னே எப்படி இருக்கும்! தாலமியின் வெங்காயம் தராசில் ஏறவே இல்லை, தரையில் கிடக்கிறது. பக்கத்தில் தாலமியே சாய்ந்து படுத்துக்கொண்டு 'என்னைத் திருத்தத் திருத்த நான் எழுகிறேன்' என்று சொல்கிறார்.

இதில் கவனிக்கவேண்டியது கடவுளின் கை என்ன செய்கிறது என்பது. 1493-இல் அந்தக் கை ஆணையிட்டு உலகத்தை உண்டாக்கியது. 1651-இல் எண், அளவு, எடை என்கிறது, அதாவது அளந்து பார்த்து முடிவு செய் என்கிறது. ரிச்சோலியும் வசனத்தை மட்டும் காட்டி ஒதுங்கவில்லை, பூமி சுற்றுகிறது என்பதற்கு 49 வாதங்களும் சுற்றவில்லை என்பதற்கு 77 வாதங்களும் எடுத்து ஒவ்வொன்றாக அலசினார், பலவற்றை இரண்டு பக்கமும் பலவீனம் என்று அவரே தள்ளினார். முடிவு தப்பாகப் போனது, அதற்காக அவரை மூடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, 1660-இல், ஆம்ஸ்டர்டாமில் யான்சோனியஸ் பதிப்பகம் அண்ட்ரியாஸ் செல்லாரியஸின் பெரிய வான வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 29 படங்கள், ஒவ்வொன்றும் இரட்டைப் பக்கம். பழைய வானப் படம் என்று தேடினால் முதலில் வந்து விழுகிற அந்த வண்ணமயமான படங்களில் பாதி இவருடையவைதான். செல்லாரியஸ் ஹோர்ன் என்ற ஊரில் லத்தீன் பள்ளித் தலைமையாசிரியர். தாலமி, டைக்கோ, கோப்பர்நிக்கஸ் மூவரின் உலகமும் ஒரே அழகோடு அடுத்தடுத்து வரும், ஷில்லரின் கிறிஸ்தவ வானமும் இரண்டு அரைக்கோளங்களாக வரும். தாலமியை நிராகரித்து அரை நூற்றாண்டு ஆகியும் அவருக்குத் தங்க வண்ணம் அடித்திருக்கிறார்கள். இது ஆராய்ச்சிக்கான நூல் இல்லை, வசதியான வீட்டு நூலகத்தில் விரித்துவைத்துப் பார்க்கிற நூல். இங்கேயும் ஓரத்தைப் பாருங்கள். 1493-இல் கடவுளைச் சூழ்ந்து நின்ற வானதூதர்கள் இப்போது கொழுகொழு குழந்தைகளாகி மூலைகளில் தலைப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள், பக்கத்தில் அறிஞர்கள் கருவிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அரியணையைக் காணோம்.

அது எங்கே போனது என்பதற்கு ஒரு பதில் 1750-இல் லண்டனில் வந்த தாமஸ் ரைட்டின் நூலில் இருக்கிறது. அவர் படத்தில் அண்டம் ஒன்றல்ல, சோப்பு நுரை மாதிரி எண்ணற்ற அண்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கண், கடவுளின் கண். ஓரம் இல்லாமல் போனதும் கடவுள் நடுவுக்கு வந்துவிட்டார். நம் கருவறைக் கணக்கு.

இந்தப் படங்களைப் பார்க்கக் காசு வேண்டாம், பெரிய நூலகங்கள் நல்ல தரத்தில் இணையத்தில் போட்டிருக்கின்றன, பெரிதாக்கிப் பார்த்தால் தகட்டின் கீறல்கூடத் தெரியும். வாங்கத்தான் வேண்டும் என்றால் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செப்புத் தகடு அச்சு என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அமுங்கிய தடம் பெரும்பாலும் இருக்கும். செல்லாரியஸ் படம் என்றால் நடுவில் மடிப்பு இருக்கவேண்டும், அது நூலிலிருந்து வந்த தாள். படத்திலேயே வால்க், ஷென்க் என்று பின்னால் வந்த பதிப்பாளர்களின் பெயர் இருந்தால் அது 1708-இல் அதே தகடுகளிலிருந்து மறுபடி எடுத்தது, 1660 என்று விலை சொன்னால் நம்பவேண்டாம். பழைய பச்சை வண்ணத்தில் செம்பு இருக்கும், காலப்போக்கில் காகிதத்தை அரித்துப் பின்பக்கம் பழுப்பாக ஊறியிருக்கும். பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் வண்ணம் பின்னால் அடித்ததாக இருக்கலாம். இன்னொன்று, தனித்தாளாக விற்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒரு முழு நூலை உடைத்துப் பிரித்தது. எனக்கு அதனாலேயே வாங்க மனசு வருவதில்லை, கையில் காசும் இல்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று, இதற்குக் கணினிகூட வேண்டாம். ரிச்சோலியின் அதே 1651 நூலில் ஒரு நிலா வரைபடம் இருக்கிறது, வரைந்தவர் அவருடைய சக குரு கிரிமால்டி. அதன் உச்சியில் லத்தீனில் ஒரு வரி: நிலாவில் மனிதர்கள் வசிப்பதும் இல்லை, ஆன்மாக்கள் அங்கே குடிபோவதும் இல்லை. இறந்தவர்கள் புகை வழியே சந்திரனுக்குப் போகிறார்கள் என்கிற உபநிடத வரிகளோடு வளர்ந்த நமக்கு இந்த மறுப்பு சுருக்கென்று இருக்கும். அந்த வரைபடத்தில் நிலாவின் குழிகளுக்கும் கருந்திட்டுகளுக்கும் அவர்கள் வைத்த பெயர்களைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது, 1969-இல் ஆம்ஸ்ட்ராங் இறங்கிய 'அமைதிக் கடல்' உட்பட. அடுத்த பௌர்ணமிக்குச் சாதாரண பைனாகுலரோடு மொட்டைமாடிக்குப் போங்கள். நிலாவின் தெற்கே, நாலா பக்கமும் வெள்ளைக் கீற்று பாய்கிற குழி டைக்கோ, ரிச்சோலியின் கட்சிக்காரர், அதனால் கண்ணைப் பறிக்கிற இடம் அவருக்கு. மேற்கு விளிம்பில், கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமப்படவேண்டிய இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் கிரிமால்டியும் ரிச்சோலியும். அங்கிருந்து நிலாவின் நடுவை நோக்கி வந்தால், புயல் கடல் பக்கம், தனியாகப் பளிச்சென்று ஒரு குழி தெரியும். தராசில் தோற்றவருக்கு அவர் கொடுத்த இடம் அது, பெயர் கோப்பர்நிக்கஸ்.